36 வயது நட்சத்திரத்துக்கு என்ன கேட்கலாம்?

கேள்வி: நண்பர்கள் பத்துப் பேர் ஆளுக்கொரு என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணியை எடுத்துக்கொண்டு, நிஜ விதிகளின்படி மேலாளர் விளையாட்டு ஆடுகிறோம். என் அணியில் 36 வயதைத் தொட்ட நட்சத்திரங்கள் இருவர். அவர்களைக் கொடுத்து 22 வயது வீரர்கள் இருவரைக் கேட்டேன். நண்பர் சிரித்துவிட்டார். எப்படிக் கேட்டிருக்க வேண்டும்?

பதில்: அவர் சிரித்ததில் தப்பில்லை. 22 வயதில் நன்றாக ஆடுபவர் பெரும்பாலும் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) வந்தபோது போட்ட முதல் ஒப்பந்தத்திலேயே இருப்பார். ஆட்டம் அதிகம், சம்பளம் கம்மி. அவரை யார் விடுவார்கள்? கணக்கும் இடிக்கும். சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணிகள் டிரேடு (வீரர் பரிமாற்றம்) செய்தால் இரு பக்கச் சம்பளமும் ஏறக்குறைய ஈடாக வேண்டும். 5 கோடி டாலர் வாங்குபவருக்கு எதிரே 60 லட்சம் வாங்கும் இருவரை வைத்தால் தராசு நிற்காது.

2013-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் என்ன செய்தது என்று பாருங்கள். கெவின் கார்னெட்டுக்கு 37 வயது, பால் பியர்ஸுக்கு 35. இருவரையும், கூடவே ஜேசன் டெர்ரியையும் புரூக்ளின் நெட்ஸுக்கு அனுப்பியது. பதிலுக்கு நல்ல இளம் வீரர் யாரையும் அது கேட்கவில்லை. வாங்கியது நெட்ஸின் 2014, 2016, 2018 முதல் சுற்று பிக்குகளும் (டிராஃப்டில் வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு), 2017-இல் தன் பிக்கை நெட்ஸின் பிக்கோடு மாற்றிக்கொள்ளும் உரிமையும். ஏன் ஓராண்டு விட்டு ஓராண்டு? அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதல் சுற்று பிக்கே இல்லாமல் போகும்படி ஓர் அணி விற்கக்கூடாது. எண்பதுகளின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து உரிமையாளர் டெட் ஸ்டெபியன் பிக்குகளை அள்ளிவிட்டதால் வந்த விதி, அவர் பெயராலேயே வழங்குகிறது. மாற்றிக்கொள்ளும் உரிமை அந்த விதிக்குள் அடங்காது. அதுதான் சூட்சுமம்.

சும்மா கிடைக்கவில்லை. இன்னும் மூன்று ஆண்டுக்கு, ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டாலர் பாக்கியிருந்த ஜெரால்ட் வாலஸின் ஒப்பந்தத்தை பாஸ்டன் தலையில் ஏற்றிக்கொண்டது. சம்பளக் கணக்கு நேராக வேண்டும் என்பதற்காகவே கீத் போகன்ஸுக்குப் புது ஒப்பந்தம் போட்டு, 50 லட்சத்துக்கு மேல் சம்பளம் கொடுத்துச் சேர்த்தார்கள். அவருக்கு அடித்தது யோகம்!

2014 பிக் தேறவில்லை. ஆனால் பியர்ஸ் ஒரே சீசனில் கிளம்ப, கார்னெட்டும் 2015 பிப்ரவரியில் போக, நெட்ஸ் சரிந்தது. அணி தோற்கத் தோற்க அதன் பிக் டிராஃப்டில் முன்னால் வரும். 2016-இல் மூன்றாவது பிக்காக ஜெய்லன் பிரவுன் வந்தார். 2016-17 சீசனில் நெட்ஸ் வென்றது 20 ஆட்டம்தான். மாற்றிக்கொள்ளும் உரிமையால் கிடைத்த 2017 பிக் முதலிடத்தில் விழுந்தது. பாஸ்டன் அதை ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்து மூன்றாமிடத்துக்கு இறங்கி ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024 கோப்பையை வென்றது இந்த இருவரை வைத்துத்தான்.

ஆகவே உங்கள் நண்பரின் அணி கடைசி வரிசையில் கிடந்தால் அவரை விட்டுவிடுங்கள். இந்த ஆண்டே கோப்பை என்று துடிப்பவரைப் பிடியுங்கள். அடுத்த ஆண்டு பிக் வேண்டாம். உங்கள் நட்சத்திரங்கள் அங்கிருக்கும் வரை அது பின்வரிசையில்தான் விழும். மூன்று, நான்கு ஆண்டு தள்ளிக் கேளுங்கள், நிபந்தனைப் பாதுகாப்பு (பிக் முன்வரிசையில் விழுந்தால் தரமாட்டேன் என்பது போன்றது) எதுவும் இல்லாமல். அவர் தயங்கினால், அவரிடம் சுமையாகக் கிடக்கும் ஒப்பந்தம் ஒன்றை நீங்களே வாங்கிக்கொள்வதாகச் சொல்லுங்கள்.

அப்புறம், நட்சத்திரங்களின் ஒப்பந்தத்தில் டிரேடைத் தடுக்கும் உரிமை இருக்கிறதா பாருங்கள். கார்னெட்டுக்கு இருந்தது, அவர் சம்மதித்த பிறகே கைமாறினார். உங்கள் அணியின் சம்பளம் ‘இரண்டாம் ஏப்ரன்’ எல்லையை (சம்பள உச்சவரம்புக்கும் வெகு மேலே உள்ள கோடு) தாண்டியிருந்தால் இருவர் சம்பளத்தையும் கூட்டிக் காட்ட முடியாது. தனித்தனி டிரேடாகப் போடுங்கள்.