கனமான நாவல்களுக்கு நடுவே எதைப் படிப்பது?

கேள்வி: ஆறு மாதமாகக் கையில் எடுத்ததெல்லாம் இருண்ட நாவல்கள். கடைசியாக ஆர்வெலின் ‘1984’, காஃப்காவின் ‘விசாரணை’, காம்யுவின் ‘கொள்ளை நோய்’ மூன்றையும் ஒரே மாதத்தில் முடித்தேன். எல்லாமே நல்ல நாவல்கள், ஆனால் இப்போது புத்தகத்தைத் தொடவே மனம் கனக்கிறது. மாறுதலுக்கு எடுத்த காதல் கதையை நாற்பது பக்கத்தில் மூடிவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: அந்தக் காதல் கதை மோசமானதாக இருக்க வேண்டியதில்லை. கனமான நாவலை முடித்த சூட்டோடு லேசானதைத் தொட்டால், அதில் வருகிற சந்தோஷமெல்லாம் பொய்யாகத்தான் தெரியும். பலரும் இப்படி நேர் எதிர்ப்பக்கம் தாவி, வாசிப்பே விட்டுப்போய்விட்டது என்று பயந்துவிடுகிறார்கள். ஒரு படி இறங்கினால் போதும்.

அதற்குக் கதையில் எத்தனை சாவு என்று பார்க்காதீர்கள்; கதை சொல்லும் குரலைக் கவனியுங்கள். மனதை அழுத்துவது பெரும்பாலும் அதுதான். ‘கொள்ளை நோய்’ நாவலில் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள். ஆனால் கூடவே இருந்து வைத்தியம் பார்த்த மருத்துவர்தான் இதைச் சொல்லி வந்திருக்கிறார் என்பது கடைசியில் தெரியவரும்போது, அதுவரை வந்த ஒவ்வொரு பக்கத்திலும் இருந்த அக்கறை புரிகிறது. ‘1984’ அப்படியல்ல. நாயகன் வின்ஸ்டனின் பயத்துக்குள்ளேயே நம்மையும் அடைத்து வைக்கிறது, மூச்சு முட்டுகிறது. அதன் பின்னிணைப்பை விட்டிருந்தால் இப்போது படியுங்கள். கதையில் வரும் சர்வாதிகார ஆட்சியின் மொழியைப் பற்றி அதில் இறந்தகாலத்தில் எழுதியிருப்பதால், ஆட்சியே ஒழிந்த பிறகு எழுதப்பட்ட குறிப்பு அது என்று கொள்ளும் விமர்சகர்கள் உண்டு.

‘விசாரணை’யின் முதல் அத்தியாயத்தையும் இன்னொரு முறை புரட்டலாம். கைது செய்ய வந்த காவலர்கள் நாயகன் யோசெஃப் கா.வின் காலை உணவைத் தின்றுவிட்டு, காசு கொடுத்தால் எதிர்க்கடையில் வாங்கி வந்து தருகிறோம் என்கிறார்கள். இந்த அத்தியாயத்தை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியபோது காஃப்காவே விழுந்து விழுந்து சிரித்ததாக அவருடைய நெருங்கிய நண்பர் மாக்ஸ் பிராட் எழுதியிருக்கிறார். தொடர்ந்து சோகத்திலேயே ஊறியிருக்கும்போது இந்த மாதிரிச் சிரிப்பு கண்ணில் படுவதில்லை.

இனி நடைமுறை. முதல் பத்து நாள் நாவலே வேண்டாம். ஒரே மூச்சில் முடிகிற பதினைந்து இருபது பக்கச் சிறுகதை, அல்லது பறவை, கணிதம், பயணம் என்று ஏதாவது ஒரு கட்டுரை, நாளுக்கு ஒன்று. அப்புறம் இருநூறு பக்கத்துக்குள் ஒரு நாவல். துயரம் இருந்தாலும் குரலில் ஈரம் இருக்கட்டும். நகைச்சுவை அதற்கும் பிறகுதான், அப்போதுதான் அது ஒட்டும்.

தேர்ந்தெடுக்கும்போது பின்னட்டையை நம்பாதீர்கள், அது கதையைத்தான் சொல்லும். முதல் ஐந்து பக்கமும் நடுவில் ஏதோ ஒரு பக்கமும் படித்துப் பாருங்கள். சின்னப் பாத்திரங்களையும் எழுத்தாளர் ஆசையோடு பார்க்கிறாரா, எங்காவது ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் பிறகு படிக்க எடுத்து வையுங்கள். ‘இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்’ என்ற பரிந்துரைகள் உங்களை மறுபடி அதே வகைக்கே கொண்டுபோகும். விருதுப் பட்டியல்களிலும் இருண்ட நாவல்களுக்குக் குறைவில்லை. ஒன்றை முடித்த பிறகு அடுத்ததைத் தேடாமல், மூன்றாக முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று மட்டும் கனமானதாக இருக்கட்டும். அதன் கடைசி ஐம்பது அறுபது பக்கங்களைப் படுக்கைக்குக் கொண்டுபோகாமல் பகலில் முடியுங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகப் பாருங்கள். புத்தகத்தை மூடிய பிறகும் நாள் முழுக்கச் சோர்வு, தூக்கக் கேடு, பிடித்த எதிலும் நாட்டமின்மை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காரணம் நாவலாக இல்லாமலும் இருக்கலாம். அப்போது தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.