எல்.ஐ.சி. கட்டடம்: கேள்வி பதில்

கேள்வி: சென்னை அண்ணா சாலையில் உள்ள எல்.ஐ.சி. கட்டடத்தைக் கட்டத் தொடங்கியது எல்.ஐ.சி. அல்ல என்கிறார்களே, உண்மையா ஐயா?

பதில்: உண்மைதான். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937இல் நிறுவிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தாம் நடத்திவந்த யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக 1953இல் தொடங்கிய பணி இது. லண்டனைச் சேர்ந்த பிரவுன், மௌலின் ஆகியோர் வரைபடம் தயாரித்தார்கள். மறு ஆண்டே சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் செட்டியார் இறந்துபோனார். 1956இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமை ஆனபோது, கட்டிக்கொண்டிருந்த கட்டடமும் எல்.ஐ.சி.யின் கைக்கு வந்தது. கட்டடக் கலைஞர் எல்.எம். சித்தாலே பொறுப்பேற்று முடித்துக்கொடுக்க, 1959 ஆகஸ்ட் 23 அன்று நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். கனவு கண்டவரின் பெயரை இன்று பலரும் அறியாதிருப்பது எனக்கு வருத்தமே.

கேள்வி: மொத்தம் எத்தனை மாடிகள்?

பதில்: 12, 14, 15 என்று எதை மாடியாக எண்ணுகிறோமோ அதற்கேற்ப விடை மாறும். உயரம் 177 அடி. 1961இல் மும்பையில் உஷா கிரண் எழும்வரை இந்தியாவிலேயே உயரமான கட்டடம் இதுதான்.

கேள்வி: அன்றைய மக்களுக்கு ஏன் அத்தனை வியப்பு?

பதில்: செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிப் பழகிய ஊரில், கான்கிரீட் தூண்களே சுமையைத் தாங்கும் புதிய முறைக்கு இக்கட்டடம் வழிகாட்டியது. ஊரிலிருந்து வருபவர்கள் மெரினாவைப் போலவே இதையும் பார்க்காமல் திரும்பமாட்டார்கள். என் தந்தையார் என்னை எதிர் நடைபாதையில் நிறுத்தி, கீழிருந்து ஒவ்வொரு வரிசை ஜன்னலாக விரல்விட்டு எண்ணச் சொன்னார். பாதியில் எண்ணிக்கை தவற, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். கதாநாயகன் சென்னைக்கு வந்துவிட்டான் என்பதை உணர்த்த, சென்ட்ரல் நிலையத்தையும் இக்கட்டடத்தையும் காட்டினாலே போதும் என்று தமிழ்த் திரைப்படங்கள் பல ஆண்டுகள் நம்பின. அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை.

கேள்வி: ஒருமுறை தீப்பிடித்ததாகக் கேள்விப்பட்டேன்.

பதில்: 1975 ஜூலை 11 அன்று பெருந்தீ பரவிக் கடும் சேதம் விளைந்தது. பின்னர் சீரமைத்தார்கள்.

கேள்வி: இப்போது இதைவிட உயரமானவை எத்தனையோ வந்துவிட்டனவே?

பதில்: வந்துவிட்டன. ஆயினும் 1990கள் வரை நகரின் வானத்தை ஆண்டது இதுதான். அண்ணா சாலையில் பேருந்து நிறுத்தமும், தரைக்கடியில் ஓடும் மெட்ரோவின் நிலையமும் எல்.ஐ.சி. என்ற பெயரையே தாங்கி நிற்கின்றன.