எருமை இன்னும் கதைக்குள் வரவில்லை
(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மழை பொய்த்த ஒரு வருஷம் எங்கள் அப்பத்தா எருமையை விற்றுவிட்டு, மறுநாள் விடியற்காலையில் பழக்கதோஷத்தில் பால் செம்போடு வெறும் தொழுவத்தில் போய் நின்றாராம். இதைக் கதையாக எழுதவேண்டும் என்று இரண்டு வருஷமாக ஆசை. பிள்ளைகள் தூங்கியதும் மொபைலை எடுத்துக்கொண்டு உட்காருவேன். முதல் பாராவை எழுதுவேன், படிப்பேன், பிடிக்காது, அழிப்பேன். முப்பது தடவைக்கு மேல் அழித்தாயிற்று, எருமை இன்னும் கதைக்குள்ளேயே வரவில்லை. இதையே தங்கையிடம் போனில் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். எழுதும்போது மட்டும் ஏன் கை நின்றுவிடுகிறது?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: தங்கையிடம் சொன்னபோது நீங்கள் ஒரு வரியைக்கூட அழிக்கவில்லை. அழிக்க வழியில்லை, வாயை விட்டுப் போனது போனதுதான். "அய்யோ, அது இல்ல, தரகர் முந்தின நாளே வந்துட்டார்" என்று பாதியில் திருத்திக்கொண்டு மேலே போயிருப்பீர்கள், அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் உம் கொட்டிக்கொண்டு இருந்திருப்பாள். மொபைலில் அப்படி இல்லை, அழிக்கிற பொத்தான் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருக்கிறது.

நான் பத்திரிகை வேலைக்கு வந்த காலத்தில் ஈய எழுத்துதான். அச்சகத்தில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். நான் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க மாட்டார், ஒரு தாள் நிரம்பியதும் மை காய்வதற்குள் உருவிக்கொண்டு போய் எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டரிடம் கொடுத்துவிடுவார். நான் மூன்றாவது தாளில் இருக்கும்போது முதல் தாள் பாதி கோத்தாகியிருக்கும். முதல் தாளில் பெரியப்பாவாக இருந்தவர் நாலாவது தாளில் சித்தப்பாவாகிவிடுவார், அதைப் புரூஃபில் பார்த்துக்கொள்வோம். அந்த மனுஷர் மேல் அப்போது எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, ஃபோர்மேன் ஓய்வு பெற்றுப் போனார், நான் ஒரு சின்னக் கட்டுரையின் முதல் பாராவோடு நாலு நாள் மல்லுக்கட்டினேன். எழுதுகிறவனுக்கும் திருத்துகிறவனுக்கும் நடுவில் அவர்தான் இத்தனை நாள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

உங்களுக்கும் ஒரு ஃபோர்மேன் வேண்டும். மொபைலைத் தூர வையுங்கள், நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பக்கம் நிரம்பியதும் கிழித்து பீரோவுக்குள் போட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரை எடுக்கக்கூடாது. தொழுவத்து வாசனைக்குச் சரியான வார்த்தை கிடைக்கவில்லையா, ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். நோட்டிலும் கை ஓடவில்லை என்றால் தங்கைக்கே வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புங்கள், மறுநாள் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளலாம். அந்த முதல் பாராவை மறந்துவிடுங்கள். இங்கே வருகிற பல கதைகளில் முதல் பாராவை அப்படியே வெட்டினாலும் கதைக்கு ஒன்றும் ஆவதில்லை (எழுதியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், அது வேறு). செம்போடு அப்பத்தா நிற்கிற இடத்திலிருந்தே ஆரம்பியுங்கள்.

பெரியவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நம்முடையதைப் பார்த்தால் கூசத்தான் செய்யும். கம்பருக்கே கூசியிருக்கிறது. பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிடலாம் என்று இறங்கிய பூனை மாதிரி நான் இந்தக் கதையைச் சொல்ல ஆசைப்பட்டுவிட்டேன் என்று பாயிரத்தில் சொல்கிறார். அவையடக்கத்துக்கு, அதாவது படிப்பவர்கள் முன்னால் தன்னைத் தாழ்த்திச் சொல்லிக்கொள்வதற்கு, சில பாட்டு, சொல்லிவிட்டு பத்தாயிரம் பாட்டுக்கு மேல் எழுதிக்கொண்டு போய்விட்டார். நீங்கள் இரண்டு வருஷமாக அவையடக்கத்திலேயே நிற்கிறீர்கள்.

கேள்வி: தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், ஐந்தாவது வருஷம். நாலு இயலுக்கும் குறிப்புகள் தயார். கைடு கேட்கும்போதெல்லாம் "இன்னும் ஒரு நூலைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் ஐயா" என்று சொல்லித் தப்பித்து வருகிறேன். ஏதாவது விட்டுப்போய் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மானம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
(ஓர் ஆய்வு மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: தம்பி, அந்த இன்னும் ஒரு நூல் படிப்பு இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பு. உங்களுக்கே தெரியும், அதனால்தான் கடிதம் போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் துறைக்காரர் ஒருவரையே சொல்கிறேன். உ.வே.சாமிநாதையர் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கக் கையில் எடுத்தபோது அவருக்குச் சமணம் தெரியாது, படித்ததெல்லாம் திருவாவடுதுறை சைவ மடத்துச் சூழலில். கும்பகோணத்தில் இருந்த சமணர்களிடம் போய்க் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். எல்லாச் சந்தேகமும் தீரட்டும், எல்லா ஏடும் வந்து சேரட்டும் என்று இருந்திருந்தால் புத்தகம் வந்திருக்காது. 1887ல் வெளியிட்டுவிட்டார். அதோடு விட்டாரா என்றால் இல்லை, பார்த்துப் பார்த்துத் திருத்தி 1907ல் இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தார். ஏட்டுக்கு ஏடு வார்த்தை மாறுகிற பாடபேதத்துக்காக ஊர் ஊராக ஏடு தேடி அலைந்த மனிதரை அக்கறை இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு அக்கறைக்கும் அச்சத்துக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தது. 1940ல் ஆனந்த விகடனில் தம் வாழ்க்கையை வாராவாரம் எழுத ஆரம்பித்தபோது அவருக்கு 85 வயது நெருங்கிக்கொண்டிருந்தது, எப்படியும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிற வயசா அது? 1942 ஏப்ரலில் காலமானார், தொடர் பாதியில் நின்றது. பாதியில் நின்ற அந்தப் புத்தகத்தைத்தான் இன்றைக்கும் ஆய்வில் மேற்கோள் காட்டுகிறீர்கள்.

முன்னுரையில் கைவைக்காதீர்கள், அது கடைசி. நாலு இயலில் எது உங்களுக்கே ரொம்ப மோசமாகப் படுகிறதோ அதை இந்த மாசமே எழுதி, ஓட்டையோடு கைடிடம் கொடுங்கள். சிவப்பு மையில் கிறுக்குவது அவர் வேலை, அதையும் நீங்களே செய்துவிட்டால் அவர் என்ன செய்வார்? வைவாவில் ஒருவர் "இந்த நூலைப் பார்த்தீர்களா?" என்று கட்டாயம் கேட்பார், எவ்வளவு பார்த்திருந்தாலும் பார்க்காத ஒன்றைக் கண்டுபிடித்துக் கேட்பார். "பார்க்கவில்லை ஐயா, பார்க்கிறேன்" என்று சொல்லலாம், அதற்காக யாரும் எழுந்து போகச் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்று. தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, கைடு நம்பரைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது என்கிற அளவுக்குப் போயிருந்தால் நான் சொன்னது எதுவும் உதவாது. முதலில் மருத்துவரைப் போய்ப் பாருங்கள், ஆய்வேடு நாலு வாரம் காத்திருக்கும்.

கேள்வி: போன இதழில் உங்கள் பதில் ஒன்று அரைகுறையாக இருந்ததே, இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம் இல்லையா?
(ஒரு பழைய வாசகர், காரைக்குடி)

பதில்: எழுதியிருக்கலாம். திங்கட்கிழமை சாயங்காலம் மேட்டர் போயாக வேண்டியிருந்தது, போய்விட்டது. எந்தப் பதில் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் சரிசெய்கிறேன்.