நான்கு மாத ஜிஎஸ்டியும் கடற்கரைக் கூடாரமும்

நண்பரே, பண்ருட்டி முந்திரிக் கடைக்கு நான்கு மாதமாக ஜிஎஸ்டி தாக்கல் செய்யவில்லை, பிள்ளைகளோடு சாமியார்பேட்டைக் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், முதலில் இதைத் தொடங்கிவிடுங்கள்.

நானும் கடலூரில் பில்களை மஞ்சப்பையில் போட்டு ஆணியில் மாட்டியே வைத்திருந்தவன்தான். பை கனக்கக் கனக்க, அதைத் தொடவே கை வராது. ஆனால் தொகை நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் என்றால் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர வரிப் படிவம் ஒன்றுக்கு அதிகபட்சம் 2000தான். வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. அதுதான் ஏறிக்கொண்டே போகும். ஆறு மாதம் தொடர்ந்து தாக்கல் செய்யாமல் விட்டால் பதிவையே ரத்து செய்யலாம்.

இன்றிரவு உங்கள் பில் பையை மொத்தமாகக் கொட்டாதீர்கள். மிகப் பழைய மாதத்தின் பில்கள் மட்டும் போதும். அதை முடிக்காமல் அடுத்த மாதத்தைத் தாக்கல் செய்யவும் முடியாது.

அப்புறம் கூடாரம். அலை ஏறிய ஈரக் கோட்டுக்கு நன்றாக மேலே போடுங்கள். இருட்டிய பிறகு பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். மழை வந்தாலும் சரி, கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்கவே கூடாது.