மன்னார்குடி நண்பரின் பழைய 841என் ரவுட்டருக்கு

டிபி-லிங்க் 841என்-ல் ஓப்பன்-டபிள்யூஆர்டி (ரவுட்டரில் கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாகப் போடும் இலவச மென்பொருள்) போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பெட்டியைக் கவிழ்த்து, ஸ்டிக்கரில் 'வெர்' எண்ணைப் பாருங்க சார். 14 என்றால் 4 எம்பி ஃப்ளாஷ் (சேமிப்பு இடம்), 32 எம்பி ரேம்தான்; அந்த அளவுக்கு ஓப்பன்-டபிள்யூஆர்டி 19.07 பதிப்போடு ஆதரவு முடிந்தது, விட்டுவிடுங்கள். 13 என்றால் 8 எம்பி ஃப்ளாஷ், 64 எம்பி ரேம். ஓடும், ஆனால் மூச்சு வாங்கும். புதிதாக வாங்குவதானால் 16 எம்பி ஃப்ளாஷ், 128 எம்பி ரேமுக்குக் கீழே தொடவே வேண்டாம்.

ஏற்றும்போது லேன் கேபிள், இன்வெர்ட்டர் இரண்டும் கட்டாயம். கும்பகோணத்தில் பாதி ஏறும்போது கரண்ட் போய், டிஎஃப்டிபி-யில் (கேபிள் வழியே கணினியிலிருந்து கோப்பை அனுப்பும் முறை) மீட்க எனக்கு இரண்டு ராத்திரி ஆச்சு. ஏறி முடிந்ததும் வைஃபை காணோமே என்று பதறாதீங்க, அணைந்துதான் வரும், பிரவுசரில் 192.168.1.1-ல் போய் ஆன் செய்யணும். ஃபைபர் மோடமும் அதே முகவரி என்றால் ஒன்றை மாற்றிவிடுங்கள்.