பர்மாவில் உங்கள் ஊரில், கடை நடத்திக்கொண்டே பொதுச்சேவைக்காக வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

என் பெரியப்பாவைச் சொல்கிறேன். அம்மாவின் அக்கா வீட்டுக்காரர். பெகுவிலிருந்து மோல்மேன் போகும் ரயில் பாதையில் ஒரு சின்ன ஊர், அதில் அரிசிக்கடை. ஊர்ப்பெயரும் அவர் பெயரும் வேண்டாம்.

கடையில் இரண்டு நோட்டு இருக்கும். ஒன்று கடன் நோட்டு. அதில் அவர் படு கறார். அரை வீசை வெங்காய பாக்கியை மூன்று மாதம் கழித்தும் நடுத்தெருவில் நிறுத்திக் கேட்பார். (வீசையைப் பர்மியர்கள் பெய்த்தா என்பார்கள், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். இங்கே சந்தையில் இன்றும் அந்தக் கணக்குத்தான்.) இன்னொன்று சிவப்பு அட்டை போட்டது. பள்ளி லீவில் கடையில் உட்காரும்போது ஒருநாள் திறந்து பார்த்தேன். "பாலத்தடிப் பாட்டி: பலகை 6, ஆணி, வெள்ளைத்துணி 8 முழம், டீசல்." அடுத்த வரி, "ரயிலில் வந்தவர், ஊர் தெரியாது." வரவு என்று கோடு போட்ட பத்தி பக்கத்துக்குப் பக்கம் காலி. கேட்க ஆள் இல்லாத சாவுகளின் கணக்கு அது.

அவர் வியாபாரத்துக்கு வந்த வழியும் நேரானதில்லை. 1964இல் ஜெனரல் நே வின்னின் ராணுவ அரசு கடைகளை எடுத்துக்கொண்டபோது அவருக்கு 22 வயது. அவருடைய அப்பாவின் கடை வாசலில் மக்கள் கடை என்று பலகை மாட்டினார்கள். அதே ஆண்டு மே மாதம் 50, 100 சாட் நோட்டுகளும் செல்லாது என்றாகிவிட்டது. அந்தக் காலத்தில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். இவருடைய அப்பாவும் தம்பிகளும் மதராஸுக்குக் கப்பல் ஏறினார்கள். படுக்கையில் கிடந்த பாட்டியைப் பார்த்துக்கொள்ள இவர் தங்கிவிட்டார். பாட்டி இறந்த அன்று தூக்க உறவு என்று ஒருவரும் இல்லை, அக்கம்பக்கத்துப் பர்மியர்கள் நான்கு பேர் தூக்கினார்களாம். அதனால்தான் பின்னால் இதெல்லாம் செய்தார் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவர் வாயால் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்கப்புறம் இருபது வருடத்துக்கு மேல் ரயிலில் மூட்டை தூக்கி, மறைவாக வாங்கி விற்றுப் பிழைத்தார். 1987 செப்டம்பர் 1ஆம் தேதி அரிசி வியாபாரத்தைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். சேர்த்துவைத்த காசை எடுத்து எண்ணிக்கொண்டிருந்தாராம். 5ஆம் தேதி 25, 35, 75 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. இந்த முறை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. பெரியம்மாவின் வளையலை விற்றுத்தான் கடை தொடங்கினார். வளையல் கடைசி வரை திரும்பி வரவில்லை. இதைப் பெரியம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார்.

கடை நிமிர்ந்து, ஒரு பழைய ஹினோ லாரியும் வாங்கினார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. வெளியே இறந்தவர் உடலை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்பது இங்கே பழைய நம்பிக்கை. ஆஸ்பத்திரியில் இறந்தவரை அங்கிருந்தே நேராகச் சுடுகாட்டுக்குத்தான் எடுத்துப்போக வேண்டும், அதற்கு வாடகை வண்டிக்காரர்கள் வரமாட்டார்கள். இவர் தன் லாரியைக் கொடுத்தார், தானே ஓட்டவும் செய்தார். பகலில் அரிசி மூட்டை, ராத்திரியில் பிணம். சும்மா இருப்பார்களா? பாதி வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விட்டது. அவர் அசரவில்லை. லாரியைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்து, மறுநாள் காலை வழக்கம்போல வாசலில் நிறுத்தினார். எனக்குக் கேட்டால், வியாபாரியாக அது முட்டாள்தனம்தான்.

2001இல் ரங்கூனில் இலவச இறுதிச்சடங்குச் சங்கம் தொடங்கிய பிறகு, அதைப் பார்த்து ஊருக்கு ஊர் அப்படிச் சங்கங்கள் வந்தன. எங்கள் ஊரிலும் பர்மியர், தமிழர், முஸ்லிம்கள் சேர்ந்து ஒன்று ஆரம்பித்து, இவரைப் பொருளாளர் ஆக்கினார்கள். பர்மிய மொழியில் சாவுக் காரியத்துக்கு 'நாயே' என்று பெயர். "நாயே சங்கத்திலிருந்து பேசுகிறோம்" என்று போன் வந்தால் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சிரிப்போம். அவரும் சிரித்துக்கொண்டேதான் சட்டையை மாட்டுவார். சங்கத்துக்குத் தனி வண்டி வந்ததும் லாரி அரிசிக்கே திரும்பியது, வாடிக்கையும் மெல்லத் திரும்பியது.

குறை இல்லாத மனிதர் இல்லை. சொந்த மகள் ரங்கூனில் படிக்கப் பணம் கேட்டபோது அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அந்த மாதம் சிவப்பு நோட்டில் நான்கு வரி ஏறியிருந்தது. அக்காவுக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன்.

2021 ஜூலையில் கொரோனாவும் ஆக்சிஜன் தட்டுப்பாடும் சேர்ந்து வந்தபோது அவருக்கு வயது 79. வெளியே போகக் கூடாது என்று கதவைப் பூட்டிச் சாவியைப் பெரியம்மா மடியில் செருகிக்கொண்டார். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, எந்த ஊரில் சிலிண்டர் கிடைக்கிறது என்று நாள் முழுக்கப் போனில் விசாரித்துக்கொண்டிருந்தார். மறு வருடம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

இப்போது சங்க வண்டியை ஓட்டுவது அந்தக் கோபக்கார அக்காவின் மகன். சுடுகாட்டிலிருந்து எத்தனை மணிக்கு வந்தாலும் கொல்லையில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். போன வாரம் நான் அங்கே இருந்தபோது இரவு இரண்டு மணிக்கு வந்தான். பெரியம்மா தாத்தாவையும் பேரனையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே அடுப்பில் வெந்நீர் வைத்தார்.