தொழில் நடத்தியவர் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியரானால் எடுபடுமா?

அண்ணன் இருபது வருடம் நடத்திய கம்பெனியை விற்றுவிட்டுப் பாடம் நடத்தப் போக நினைக்கிறார், பிஎச்டி கிடையாது, எடுபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாக எடுபடும். ஆனால் அனுபவக் கதைகளை மட்டும் நம்பிப் போனால் சில வாரங்களில் சரக்கு தீர்ந்துவிடும்.

இந்த விஷயத்தில் நான் பெரிதும் மதிப்பவர் ஸ்டீவ் பிளாங்க். மிச்சிகன் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து தாய்லாந்தில் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்த்தார். 1978இல் சிலிக்கான் வேலிக்கு வந்து, அடுத்த 21 வருடங்களில் எட்டு ஸ்டார்ட்அப்களில் வேலை பார்த்தார்.

அதில் இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சூப்பர்மேக் என்ற கம்பெனி மேக் கணினிகளுக்கு கிராபிக்ஸ் போர்டு விற்றது. இவர் மார்க்கெட்டிங் பொறுப்பில் சேர்ந்தபோது, வாங்கியவர்கள் நிரப்பி அனுப்பிய பதிவு அட்டைகள் ஆயிரக்கணக்கில் யாரும் படிக்காமல் குவிந்து கிடந்தன. இவர் அவற்றில் ஒரு கட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் போட்டார். வாங்குபவர்களில் பெரும்பாலோர் கலர் அச்சுப்பக்கம் வடிவமைப்பவர்கள், அவர்களுக்கு வேண்டியது வேகம் என்று தெரிந்தது. கம்பெனியின் போக்கே மாறியது.

அப்புறம் ராக்கெட் சயின்ஸ் என்ற வீடியோ கேம் கம்பெனியைத் தொடங்கினார். பத்திரிகைகள் கொண்டாடின. இந்த முறை விளையாடுபவர்களிடம் போய்க் கேட்கவில்லை. முதலீட்டாளர்களின் 3.5 கோடி டாலர் போயிற்று. போன் போட்டுக் கேட்டு ஜெயித்த அதே மனிதர்தான்! அனுபவம் இருந்தும் அது முறையாக மனதில் பதியவில்லை. அவருடைய ஆசிரியப் பணி முழுவதும் இந்த ஓட்டையை அடைக்கும் முயற்சி என்றே நான் நினைக்கிறேன்.

கடைசிக் கம்பெனியான எபிபனிக்குப் பிறகு, 1999இல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்று நினைவுக் குறிப்புகள் எழுத உட்கார்ந்தார். எழுத எழுத, ஜெயித்த கம்பெனிகளிலும் தோற்ற கம்பெனிகளிலும் ஒரே மாதிரியான சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் பட்டது. அதையே பாடமாக்கி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (பெர்க்லி) ஹாஸ் பிசினஸ் ஸ்கூலில் நடத்தினார். தான் பணம் போட்ட ஒரு ஸ்டார்ட்அப்பின் நிறுவனர்கள் அந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவர்தான் பின்னாளில் லீன் ஸ்டார்ட்அப்பை, அதாவது சின்னதாகச் செய்து பார்த்து வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டு மாற்றிக்கொண்டே போகும் முறையை, பிரபலமாக்கிய எரிக் ரீஸ்.

2011இல் ஸ்டான்போர்டில் அவர் தொடங்கிய வகுப்பில் ஆசிரியர் பேசுவது குறைவு. மாணவர் குழுக்கள் ஒவ்வொரு வாரமும் வெளியே போய் வாடிக்கையாளர்களிடம் பேசிவிட்டு வந்து, என்ன கேட்டோம், எந்த ஊகம் பொய்த்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதே வருடம் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை இந்த முறையை எடுத்து விஞ்ஞானிகளுக்குப் பயிற்சி தரத் தொடங்கியது.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் எடுக்கும் தொழில்முனைவு வகுப்பிலும் இப்படித்தான் செய்கிறேன். மளிகைக் கடைகளுக்கு பில்லிங் ஆப் செய்யப் போவதாகச் சொன்ன ஒரு குழு, கடைக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்ததும் பில்லிங்கை விட்டுவிட்டுக் கடன் நோட்டைப் பற்றியே பேசியது. நான் எத்தனை மணி நேரம் பேசியிருந்தாலும் அந்த மாற்றம் வந்திருக்காது.

பிஎச்டி பற்றி அண்ணன் கவலைப்பட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022இல் 'பிராக்டிஸ் பேராசிரியர்' என்ற பணிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தன் துறையில் குறைந்தது 15 வருட அனுபவமும் நல்ல பெயரும் உள்ளவர்களுக்குப் பட்டம் கட்டாயமில்லை. ஆனால் இது நிரந்தர வேலை கிடையாது, சில வருட ஒப்பந்தம்தான். அதனால் விண்ணப்பிக்கும் முன் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஒரு செமஸ்டர் கௌரவ விரிவுரையாளராக நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.